டீ குடிக்காமல் பஸ் ஏறுங்கள்: முதன்முதலாக ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களுக்கு

என் சித்தப்பா நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். வலது விலாவுக்குக் கீழே அடிக்கடி வலி. எண்ணெய்ப் பலகாரம் தின்றால் கூடும். பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று டாக்டர் வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். விடியற்காலை பாம்பனில் பஸ் ஏறி, ராமநாதபுரம் வந்து, மூன்றாம் நம்பர் டோக்கன் வாங்கி, ஒன்பது மணிக்கு உள்ளே போனோம். டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்து இரண்டு பக்கம் நகர்த்திப் பார்த்தார். நிறுத்திவிட்டார்.

"ஐயா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா. வெறும் வயிறுதான்."

"டீ?"

"டீ குடிச்சேன். அது தண்ணி மாதிரித்தானம்மா."

பாலும் சீனியும் போட்ட டீ. கூட ஒரு பருப்பு வடையும் உள்ளே போயிருந்தது என்பதை வெளியே வந்த பிறகுதான் என்னிடம் ஒத்துக்கொண்டார். "நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் படகு போகிற நாள். போனவர் போனவர்தான், அந்த ஸ்கேன் எடுத்து முடிக்க மூன்று வாரம் ஆனது.

ராமநாதபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் முதலில் கடைக்கு வந்து, "தம்பி, ஸ்கேன் எழுதிக் குடுத்திருக்காக, என்ன செய்யணும்?" என்பார்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் கூடப் போய் உட்கார்ந்து உட்கார்ந்து தெரிந்துகொண்டது கொஞ்சம் உண்டு. கடையில் நின்று திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் சீட்டைப் பாருங்கள்

நம் ஊரில் எல்லாமே ஸ்கேன்தான். சி.டி.யும் ஸ்கேன், எம்.ஆர்.ஐ.யும் ஸ்கேன். இந்தக் கட்டுரை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பற்றியது. சீட்டில் யு.எஸ்.ஜி. என்று எழுதியிருப்பார்கள். அதன் பக்கத்தில் இருக்கும் சொல்தான் முக்கியம். 'அப்டமன்' என்றால் வயிறு முழுக்க. 'கே.யு.பி.' என்றால் சிறுநீரகம், சிறுநீர்க் குழாய், மூத்திரப்பை. 'பெல்விஸ்' என்றால் அடிவயிறு, கர்ப்பப்பை. 'டாப்ளர்' என்றால் ரத்த ஓட்டம். 'டி.வி.எஸ்.' என்றால் பெண்களுக்கு உள்வழியாக எடுப்பது. எது எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் சாப்பிடாமல் போகவேண்டுமா, தண்ணீர் குடித்துப் போகவேண்டுமா, ஒன்றும் செய்யாமல் போகலாமா என்பது.

சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "எதைப் பாக்குறதுக்காக இந்த ஸ்கேன்?" பதிலைச் சீட்டிலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுப்பவர் வேறு டாக்டர். உங்களுக்கு எத்தனை நாளாக வலி, எந்தப் பக்கம், காய்ச்சல் இருந்ததா, ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. வெறும் 'யு.எஸ்.ஜி. அப்டமன்' என்ற இரண்டு சொல்லோடு போனால் பொதுவாகப் பார்த்து அனுப்புவார். 'வலது விலா வலி, பித்தப்பைக் கல்லா?' என்று இருந்தால் அந்த இடத்தில் இன்னும் இரண்டு நிமிஷம் நிற்பார். பழைய ரிப்போர்ட் இருந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நாலு மில்லிமீட்டர் இருந்தது இப்போது ஏழா, இல்லை அதே நாலா என்பது ஒப்பிட்டால்தானே தெரியும்.

எங்கே எடுப்பது? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் ஸ்கேன் சென்டர்களும் உண்டு. ராமேஸ்வரம், கீழக்கரை, பரமக்குடி அரசு மருத்துவமனைகள் பக்கம் இருப்பவர்கள், என்றைக்கு எத்தனை மணிக்கு ஸ்கேன் டாக்டர் இருப்பார் என்று முதல்நாளே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். மிஷின் இருக்கும், டாக்டர் லீவில் இருப்பார். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வந்து திரும்பிப் போவது எவ்வளவு எரிச்சல் என்று சொல்லவேண்டியதில்லை.

எக்கோ சவுண்டர் தெரிந்தால் இதுவும் தெரியும்

விசைப்படகில் போகிறவர்களுக்கு இதை விளக்குவது எனக்கு ரொம்ப எளிது. படகின் அடியிலிருந்து எக்கோ சவுண்டர் சத்தத்தைக் கீழே அனுப்புகிறது. தரையில் பட்டு, பாரில் (கடலடிப் பாறையில்) பட்டு, மீன் கூட்டத்தில் பட்டு அது திரும்பி வருகிறது. வர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்டுகிறது. வயிற்று ஸ்கேனும் அச்சாக அதே வேலைதான். கடல் தண்ணீரில் சத்தம் வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். உடம்பின் சதையில் சுமார் 1540 மீட்டர். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே! படகுக் கருவிகள் பெரும்பாலும் 50 அல்லது 200 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும். ஸ்கேன் மிஷினின் சத்தம் அதைவிடப் பல மடங்கு நுணுக்கம், 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதனால் நமக்கு ஒன்றும் கேட்காது.

எக்ஸ்ரே, சி.டி. போல இதில் கதிர்வீச்சு கிடையாது. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் எடுப்பது அதனால்தான். "அடிக்கடி ஸ்கேன் எடுத்தா பிள்ளைக்கு ஆகாது" என்று வீட்டில் பெரியவர்கள் பயப்படுவார்கள். டாக்டர் தேவை என்று எழுதிக் கொடுத்ததை அந்தப் பயத்தில் தவறவிடாதீர்கள். ஆசைக்கு, முகம் பார்க்க என்று எடுப்பதுதான் வேண்டாத வேலை.

இந்தச் சத்தத்துக்கு ஒரு எதிரி உண்டு: காற்று. காற்று இருக்கும் இடத்தில் அது உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிடும். தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று நிற்காமல் இருக்கத்தான் அந்தக் கொழகொழ ஜெல். குடலில் வாயு நிறைந்திருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் கணையம் மறைந்துவிடும். எலும்பும் இப்படித்தான் தடுக்கும். அதனால் அல்சரையோ குடல் புண்ணையோ இதில் தேடமுடியாது, அதற்கு உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி.

சாப்பாடும் தண்ணீரும்

ஆள் ஏமாறுவது இங்கேதான்.

வயிற்று ஸ்கேனுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. சாப்பிடாமல் இருந்தால் பித்தப்பை பித்தநீரோடு ஊதி நிற்கும். உள்ளே கல் இருந்தால் பளிச்சென்று தெரியும், கல்லுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழலும் விழும். பாலோ நெய்யோ எண்ணெயோ உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கி, இருந்த பித்தத்தைக் குடலுக்கு அனுப்பிவிடும். சுருங்கிய பையில் எதைப் பார்ப்பது? சித்தப்பாவின் டீ செய்த வேலை அது. முதல்நாள் ராத்திரி பிரியாணி, பரோட்டா, கிழங்கு, பயறு வேண்டாம். இட்லி, ரசம் சாதம் போதும். காலையில் வெற்றிலை, பீடி, சுயிங்கம் கூடாது. மெல்லும்போதும் இழுக்கும்போதும் காற்றை விழுங்குவீர்கள்.

'வெறும் வயிறு' என்றால் தண்ணீரும் கூடாது என்று பலர் நினைத்து, தொண்டை வறண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் வெறும் தண்ணீர் குடிக்கலாம். சொல்லப்போனால் கே.யு.பி.க்கும் அடிவயிற்றுக்கும் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். மூத்திரப்பை நிறைந்தால் அது குடலை மேலே தள்ளிவிட்டு, பெண்களின் கர்ப்பப்பையையும் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியையும் பார்க்க ஒரு ஜன்னல் போல நிற்கும். வயிறும் அடிவயிறும் சேர்த்து எழுதியிருந்தால் சாப்பாடு கிடையாது, தண்ணீர் உண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்யவேண்டும்.

சுகர் இருப்பவர்கள் கவனம். இன்சுலினோ மாத்திரையோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ்ஸில் வந்தால் வழியிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் போடும். மருந்தை என்ன செய்வது என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். காலை முதல் டோக்கன் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் முடிந்ததும் சாப்பிட டிபன் பாக்ஸைக் கையிலேயே வைத்திருங்கள். பிரஷர் மாத்திரையை ஒரு வாய் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாமா என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் போட்டுக்கொள்ளத்தான் சொல்வார்கள்.

தைராய்டு, மார்பு, விதைப்பை, கை கால் டாப்ளர், சாதாரண இதய எக்கோ இவற்றுக்கு ஒன்றும் வேண்டாம். வயிறார சாப்பிட்டுவிட்டே போங்கள். டி.வி.எஸ்.க்கு நேர் எதிர்: மூத்திரம் போய்விட்டு வரவேண்டும்.

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கத்து அக்காமார் நோன்பு மாதத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அவசரமில்லாத வயிற்று ஸ்கேன் நோன்போடு எடுக்கத் தோதுதான். விடியுமுன் சஹர் சாப்பிட்டு ஏழெட்டு மணி நேரம் கழித்துப் பகலில் போனால் சரியாக இருக்கும். அடிவயிறு ஸ்கேன் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவேண்டுமே! நோன்பு திறந்தபின் மாலை நேர டோக்கன் கேளுங்கள், இல்லையென்றால் பெருநாளுக்குப் பிறகு தள்ளிவைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பஸ்ஸும் மூத்திரப்பையும்

வீட்டிலேயே ஒரு லிட்டர் குடித்துவிட்டு ராமேஸ்வரத்தில் பஸ் ஏறாதீர்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். பாம்பன் பாலத்தில் ரயில் பாலத்தைப் படம் பிடிக்க வண்டிகளை நிறுத்திக்கொண்டு சுற்றுலாக்காரர்கள் நின்றால் அதற்கு மேலும் ஆகும். தங்கச்சிமடத்துப் பாட்டி ஒருவர் உச்சிப்புளியில் இறங்கிவிட்டார். யார் என்ன சொல்லமுடியும்? ராமநாதபுரம் வந்து, டோக்கன் வாங்கி, உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுக் குடிக்க ஆரம்பியுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை அரை மணி நேரத்தில் மெதுவாகக் குடித்தால், அடுத்த முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் முட்டும். முட்டியதும் கவுன்டரில் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் முன்னால் விடுவார்கள். அடக்கமுடியாமல் துடிக்கும் அளவுக்கு நிறையவேண்டியதில்லை. அது சிறுநீரகத்தையும் வீங்கினாற்போலக் காட்டிவிடும். புராஸ்டேட் பிரச்சினைக்கு எடுக்கும்போது, மூத்திரம் போய்விட்டு வரச்சொல்லி மறுபடியும் பார்ப்பார்கள். உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று அளக்கத்தான். "ஏற்கெனவே பாத்தாச்சே" என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கும்

ஏசி அறை, லைட்டைக் குறைத்திருப்பார்கள், ஜெல் ஜில்லென்று இருக்கும். மூச்சை இழுத்துப் பிடி, விடு, இடது பக்கம் திரும்பு என்பார்கள். மூச்சை இழுத்தால் ஈரல் கீழே இறங்கி விலா எலும்பின் மறைவிலிருந்து வெளியே வரும். அதற்குத்தான். வலி கிடையாது, வலிக்கிற இடத்தில் அழுத்தும்போது மட்டும் தெரியும். அப்போது "இங்கதான் வலிக்குது" என்று சொல்லுங்கள், அதுவும் ஒரு தகவல். பத்து, பதினைந்து நிமிஷம்.

பெண்கள் சேலையோ, சுடிதாரோ, மேலும் கீழும் தனித்தனியாக இருக்கும் உடை உடுத்தி வருவது நல்லது. நைட்டி, ஒரே நீள அங்கி என்றால் முழுக்க உயர்த்தவேண்டி வரும். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். முதல்நாள் போனில் கேட்டால் அவர் இருக்கும் நேரம் சொல்வார்கள். ஆண் டாக்டர் என்றால் அறையில் ஒரு நர்சக்கா இருக்கவேண்டும் என்று கேளுங்கள், கொடுப்பார்கள். டி.வி.எஸ். எடுக்கும் முன் உங்களிடம் சம்மதம் கேட்கவேண்டும். கருவிக்குப் புது உறை போடுவார்கள். கல்யாணமாகாத பெண்கள் அதை முன்பே சொல்லிவிட்டால் வயிற்றின் மேல் வைத்துத்தான் எடுப்பார்கள்.

திரையைப் பார்த்துக்கொண்டே டாக்டர் முகம் சுளித்தால் பதறாதீர்கள். பாதி நேரம் குடல் வாயு மறைக்கிறது என்ற எரிச்சல்தான் அது.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக

கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம சுகாதார நர்சிடம் பதிவு செய்து, பிக்மி என்ற கர்ப்பப் பதிவு நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேனுக்குக் காசு இல்லை. முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன்தான் பிரசவத் தேதியைச் சரியாகச் சொல்லும். கடைசி மாதத்தில் எடுத்துத் தேதி கேட்டால் ரெண்டு மூன்று வாரம் முன்னே பின்னே ஆகும். 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள், குழந்தையின் பிடரியில் உள்ள நீரை அளக்கும் என்.டி. ஸ்கேன். 18 முதல் 20 வாரத்தில் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன். இந்த இரண்டாவதைத்தான் எங்கள் பக்கம் ரொம்பத் தள்ளிப்போடுகிறார்கள். "அவுக கடலுக்குப் போயிருக்காக, வரட்டும்" என்று இரண்டு வாரம் போகும், திருவிழா என்று இரண்டு வாரம் போகும். பெரிய குறை ஏதாவது தெரிந்தால் மதுரையில் மறுபடி காட்டி, யோசித்து முடிவெடுக்க நாள் வேண்டும். 2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி சில நிலைமைகளில் 24 வாரம் வரைதான் கருவைக் கலைக்கலாம். அதற்குமேல் பெரிய குறை என்றால் மருத்துவக் குழு பார்த்து முடிவு சொல்லவேண்டும். கணவர் வரவில்லை என்றால் மாமியாரோடு போங்கள், நாத்தனாரோடு போங்கள், போய்விடுங்கள்.

ஆதார் போன்ற அடையாள அட்டையும் டாக்டர் சீட்டும் இல்லாமல் கர்ப்ப ஸ்கேன் எடுக்கமாட்டார்கள். 'ஃபார்ம் எஃப்' என்று ஒரு தாளில் விவரம் எழுதிக் கையெழுத்து கேட்பார்கள். ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள், ஆணா பெண்ணா என்றும் அதில் இருக்கும். 1994-இல் வந்த சட்டம். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று சொல்வதும், சாடையாகக் காட்டுவதும் குற்றம். கேட்கிற உறவினருக்கும் மூன்று வருஷம் வரை ஜெயில், 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. "சும்மா கேட்டுப் பாருடா தம்பி" என்று என்னைத் தூது அனுப்பும் அத்தைமாரே, தயவுசெய்து வேண்டாம்.

தள்ளிப்போடக் கூடாதவை

வாரத்தில் படகு போகாத நாளில் வாருங்கள். தைராய்டு, நாள்பட்ட கால் நரம்புச் சுருட்டல் போன்றவற்றை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில்கூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் சிலவற்றுக்குத் தடைக்காலமும் கிடையாது, வெறும் வயிறும் கிடையாது. பையனுக்குத் திடீரென்று விதையில் கடும் வலி என்றால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆனால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. வெட்கப்பட்டு ராத்திரி முழுக்கச் சொல்லாமல் இருக்கும் பையன்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். கர்ப்பத்தில் ரத்தப்போக்கு, மஞ்சள் காமாலையோடு குளிர்காய்ச்சல், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிப்பது, கல் வலியோடு காய்ச்சலோ மூத்திரம் வராமல் போவதோ, இதற்கெல்லாம் டோக்கன் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும்

கடைசியில் 'இம்ப்ரஷன்' என்று இருக்கும் இரண்டு மூன்று வரிதான் சாரம். 'கால்குலஸ்' என்றால் கல். வெயிலில் வேர்த்து, கடலில் தண்ணீரை மிச்சம் பிடித்துக் குடிப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் வருவதில் ஆச்சரியம் இல்லை. ஐந்து மில்லிமீட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். குழாயின் நடுவில் சிக்கிய சிறு கல் இந்த ஸ்கேனில் தெரியாமலும் போகலாம்; வலி இருந்து ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் சி.டி. எழுதுவது அதனால்தான், காசு பிடுங்க இல்லை. 'ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்றால் சிறுநீர் இறங்க வழியில்லாமல் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது; 'மைல்ட்' என்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள். 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' (ஈரலில் லேசாகக் கொழுப்பு) இப்போது வீட்டுக்கு ஒருவருக்கு வருகிறது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சுகரும் எடையும் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது.

'சிஸ்ட்' என்ற சொல்லைப் பார்த்து என் சித்தி ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. போனில் தேடிப் புற்றுநோய் வரைக்கும் போய்விட்டார். சிஸ்ட் என்றால் நீர்க்கட்டி. மாதவிலக்கு உள்ள பெண்களுக்குச் சினைப்பையில் வரும் சாதாரண நீர்க்கட்டி பெரும்பாலும் சில மாதத்தில் தானாகக் கரையும். மாதவிலக்கு நின்றவருக்கு வந்தால்தான் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். கட்டி நல்லதா கெட்டதா என்று ஸ்கேன் சந்தேகப்படும், சாடை காட்டும். முடிவாகச் சொல்ல ஊசி போட்டோ சதை எடுத்தோதான் பார்க்கவேண்டும். எக்கோ சவுண்டரில் கூட்டம் தெரிந்தாலும் அது சூடை மீனா வேறெதுவுமா என்று வலை போட்டால்தானே உறுதி?

அதனால் ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு எழுதிக் கொடுத்த டாக்டரிடமே திரும்பப் போங்கள். 'நார்மல்' என்று வந்தாலும் போங்கள். வலி போகவில்லையே! சித்தப்பாவுக்கு மூன்று வாரம் கழித்து எடுத்ததில் பித்தப்பையில் ஆறேழு கல். வலி இருந்ததால் ஆபரேஷன் சொன்னார்கள். வலியே இல்லாமல் தற்செயலாகத் தெரிந்த கல் என்றால் பெரும்பாலும் சும்மா விடச் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. ரிப்போர்ட்டோடு கொடுக்கும் கறுப்பு வெள்ளைப் படம் பல இடங்களில் சூட்டில் அச்சாகும் தாள், பஸ் டிக்கெட் மாதிரி. நம் வெக்கையில் ஓலைப் பெட்டிக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ வைத்தால் ஒரு வருஷத்தில் வெளுத்து ஒன்றும் தெரியாது. வாங்கிய அன்றைக்கே போனில் தெளிவாக ஒரு போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். போட்டோ எடுக்கத் தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.